இணையத்தில் படித்த பாடம் பட்டத்தில் சேருமா?

புது தில்லி: வணிகவியல் பட்டப் படிப்பில் சேரும் மாணவர்கள் தொடக்கத்திலேயே சந்திக்கும் பாடங்களில் ஒன்று சந்தையியல். எந்தப் பொருளை யாருக்காகத் தயாரிப்பது, என்ன விலை வைப்பது, எங்கே விற்பது, அதை மக்களிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்ற நான்கு கேள்விகளைச் சுற்றி அமைந்த பாடம் இது. அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி 1960-ல் தமது பாடநூலில் வகுத்துத் தந்த இந்த நான்கு பிரிவுகளைத்தான் இன்றும் பல நாடுகளின் கல்லூரிகளில் முதல் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுகிறார்கள். ஆய்வுக்கூடம் வேண்டாம், கருவிகள் வேண்டாம். இணையவழியில் கற்பிக்க எளிதான பாடங்கள் என்று பட்டியலிட்டால் இது முன்வரிசையில் நிற்கும்.

மத்திய அரசின் "ஸ்வயம்" தளத்தில் இப் பாடத்தின் பல வடிவங்கள் கட்டணமின்றி வழங்கப்பட்டு வந்துள்ளன. கான்பூர் ஐஐடி, ரூர்கி ஐஐடி பேராசிரியர்கள் நடத்தியவையும் அவற்றில் அடக்கம். அவ்வாறு படித்துத் தேர்வெழுதித் தேறினால், அதைக் கல்லூரிப் பட்டத்துக்கான கணக்கில் சேர்த்துக்கொள்ளவும் 2016 முதல் விதிமுறை உள்ளது. ஆனால், அது தானாக நிகழ்ந்துவிடுவதில்லை. தில்லியில் அரசிதழில் வெளியான ஓர் உரிமை, மாணவரின் மதிப்பெண் பட்டியலை அடைவதற்குள் பல மேசைகளைக் கடந்தாக வேண்டும். கொல்கத்தாவின் தென்பகுதியில் உள்ள டாக்குரியாவில் இருந்து பார்த்தால் அந்தத் தூரம் தெளிவாகவே தெரிகிறது.

மூன்று வேளைக் கல்லூரி: சியால்தாவில் இருந்து தெற்கே செல்லும் புறநகர் ரயில் பாதையில் பாலிகஞ்சுக்கும் ஜாதவ்பூருக்கும் இடைப்பட்ட நிலையம் டாக்குரியா. சோனார்பூர், பாருய்பூர், கேனிங் போன்ற ஊர்களில் இருந்து வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் வருவோர் காலை ரயில்களில் இந் நிலையங்களில் வந்து இறங்குகின்றனர். கல்லூரி மாணவர்களும் அதே ரயில்களில்தான் வருகின்றனர். தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வரும் லேக் மார்க்கெட் பகுதி இங்கிருந்து சில கிலோ மீட்டர் தொலைவுதான்.

டாக்குரியா மேம்பாலத்துக்கு வடக்கே, கோல்பார்க் அருகில், கரியாஹட் சாலையில் ஒரே வளாகத்தில் மூன்று கல்லூரிகள் உள்ளன. 1961-ல் சவுத் சிட்டி கல்லூரி என்ற பெயரில் தொடங்கியது, பின்னர் காலையில் பெண்களுக்கான சிவநாத் சாஸ்திரி கல்லூரி, பகலில் ஹேரம்ப சந்திரா கல்லூரி, மாலையில் பிரபுல்ல சந்திரா கல்லூரி என மூன்றாக அமைந்தது. ஒரே கட்டடம், ஒரே பெஞ்சு. வேளைக்கு வேளை மாணவர்கள் வேறு. பகலில் கணக்கு எழுதுகிறவரும் கடையில் நிற்கிறவரும் மாலையில் படித்துப் பட்டம் பெற வழி வேண்டும் என்ற எண்ணத்தில் உருவானவை மாலைக் கல்லூரிகள். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் பட்டம் பெற்ற தலைமுறைக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

இணையவழிப் பாடத்தை இன்று நாடுவோரின் தேவையும் ஏறத்தாழ அதுவே. ரயில் பயணத்துக்கும் பகுதிநேர வேலைக்கும் இடையே, ஒரு பாடத்தையாவது இரவில் வீட்டிலிருந்தபடி முடித்துவிட முடிந்தால் அவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. மாலைக் கல்லூரியில் வகுப்பு, தேர்வு, பட்டம் மூன்றும் ஒரே பல்கலைக்கழகத்தின் குடையின் கீழ் இருந்தன. இணையவழியில் பாடம் நடத்துவது ஓரிடம், தேர்வு நடத்துவது மற்றோர் இடம், பட்டம் தருவது வேறோர் இடம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

விதி என்ன சொல்கிறது?: ஸ்வயம் தளத்தை 2017 ஜூலை 9-ம் தேதி தில்லியில் தொடங்கி வைத்தவர் அப்போதைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி. அரசியலுக்கு வருமுன் 24 பர்கானா மாவட்டத்தில் உள்ள வித்யாநகர் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றியவர் அவர் என்பது குறிப்பிடத்தக்கது. தளம் திறக்கப்படுவதற்கு ஓராண்டு முன்னரே, 2016 ஜூலையில், பல்கலைக்கழக மானியக் குழு இதற்கான விதிமுறைகளை அரசிதழில் வெளியிட்டுவிட்டது. ஒரு பருவத்தில் உள்ள பாடங்களில் 20 சதவீதம் வரை ஸ்வயம் வாயிலாகப் படிக்க அவ் விதிமுறை அனுமதித்தது. 2021 மார்ச்சில் வந்த புதிய விதிமுறை அதை 40 சதவீதமாக உயர்த்தியது.

பாடம் படித்ததற்கான மதிப்பு "கிரெடிட்" என்ற அலகால் கணக்கிடப்படுகிறது. பட்டம் பெற இத்தனை கிரெடிட் தேவை என்று பல்கலைக்கழகம் நிர்ணயிக்கும். ஸ்வயம் மூலம் ஈட்டியதும் வகுப்பில் ஈட்டியதும் ஒரே நாணயமாகச் செல்ல வேண்டும் என்பதே விதிமுறையின் உள்ளடக்கம். இதை வங்கிக் கணக்குபோல் சேர்த்து வைக்க 2021 ஜூலையில் கல்விக் கிரெடிட் வங்கி என்ற ஏற்பாடும் வந்தது.

2016-ம் ஆண்டு விதிமுறையைப் படித்துப் பார்த்தால், எழுதியவர்கள் நல்லெண்ணத்துடன்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. மாணவரைத் தனியே விட்டுவிடக் கூடாது. அவருக்கு வழிகாட்ட அவரது கல்லூரியிலேயே ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும். கணினி, நூலகம் போன்ற வசதிகளைக் கல்லூரி இலவசமாகத் தர வேண்டும். இவ்வாறு பெறப்பட்ட கிரெடிட்டை ஏற்க எந்தப் பல்கலைக்கழகமும் மறுக்கக் கூடாது. இவை அனைத்தும் எழுத்தில் உள்ளன.

அதே விதிமுறையில் இன்னொன்றும் உள்ளது. ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1 மற்றும் நவம்பர் 1-க்குள், வரவிருக்கும் இணையவழிப் பாடங்களின் பட்டியல் பதிவாளர்களுக்கு அனுப்பப்பட வேண்டும். பட்டியல் கிடைத்த நான்கு வாரங்களுக்குள், எந்தெந்தப் பாடங்களைக் கிரெடிட்டுக்கு அனுமதிப்பது என்று பல்கலைக்கழகத்தின் கல்விக் குழு முடிவு செய்ய வேண்டும். அதாவது, மறுக்கக் கூடாது என்பது ஒரு பிரிவு. எதை ஏற்பது என்று நீங்களே தீர்மானியுங்கள் என்பது மற்றொரு பிரிவு. கல்விக் குழு பட்டியலைப் பரிசீலிக்கவே இல்லை என்றால் என்ன ஆகும்? மறுத்ததாக ஆகாது, ஏற்றதாகவும் ஆகாது. மாணவர் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

நமது பல்கலைக்கழகங்களில் நான்கு வாரம் என்பது ஒரு கோப்பு ஒரு பிரிவில் இருந்து அடுத்த பிரிவுக்கு நகரவே ஆகும் காலம். ஐஐடி போன்ற தன்னாட்சி நிறுவனங்களில் ஒரு துறையின் ஆசிரியர்கள் பிற்பகலில் கூடி முடிவெடுத்துவிடலாம். நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளை இணைத்து வைத்திருக்கும், 1857-ல் தோன்றிய கல்கத்தா பல்கலைக்கழகம் போன்ற அமைப்பில் அது நடக்காது. பாடக் குழு, இளநிலைப் படிப்புக் குழு, சிண்டிகேட் என்று படிகள் ஏறியாக வேண்டும். ஒரே தேர்வை எழுதும் ஆயிரக்கணக்கான மாணவர்களில் சிலருக்கு மட்டும் வெளியில் இருந்து மதிப்பெண் வந்தால், அதை எந்த அளவுகோலில் மாற்றிப் பதிவது என்பதும் சிறிய கேள்வி அல்ல. பல்கலைக்கழகத் தரப்பின் தயக்கத்தில் ஓரளவு நியாயமும் உள்ளது.

கையெழுத்திட யார்?: மேற்கு வங்கத்தில் இன்னொரு தடையும் இருந்தது. கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மறு நியமனம் செல்லாது என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதைத் தொடர்ந்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அந்தப் பல்கலைக்கழகம் இடைக்காலப் பொறுப்பாளர்களின் கீழ் இயங்கியது. நியமன அதிகாரம் யாருக்கு என்பதில் ஆளுநர் மாளிகைக்கும் மாநில அரசுக்கும் மோதல். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குத் துணைவேந்தர்களைத் தேர்வு செய்ய முன்னாள் தலைமை நீதிபதி யு.யு. லலித் தலைமையில் ஒரு குழுவை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே அமைக்க நேர்ந்தது. 2025-ல்தான் நிரந்தரத் துணைவேந்தர் வந்தார்.

இடைக்காலத் துணைவேந்தர் சிண்டிகேட்டைக் கூட்டலாமா என்பதே சர்ச்சையாக இருந்த காலம் அது. நான்காண்டு இளநிலைப் பட்ட முறைக்கு மேற்கு வங்கம் மாறியதும் அதே காலத்தில்தான், 2023-24 கல்வியாண்டில். புதிய பாடத்திட்டம், புதிய கிரெடிட் கணக்கு ஆகியவை ஒருபுறம். கொள்கை முடிவு எடுக்கத் தயங்கும் நிர்வாகம் மறுபுறம். பெரிய விவகாரங்களே தேங்கி நிற்கும்போது, முதலாண்டு சந்தையியல் பாடத்துக்கு இணையவழி ஈடு தருவது பற்றி யார் கோப்பைத் திறப்பார்கள்? துணைவேந்தர் நியமன வழக்கைப் பற்றித் தில்லியில் எழுதப்பட்ட செய்திகள் ஏராளம். அவ் வழக்கால் ஒரு சாதாரண மாணவருக்கு என்ன நேர்ந்தது என்பது அச் செய்திகளில் அதிகம் இடம்பெறவில்லை.

ஆசிரியருக்கு மாற்றா?: எந்தெந்தச் சூழலில் ஸ்வயம் பாடத்தை அனுமதிக்கலாம் என்று 2016 விதிமுறை மூன்று காரணங்களைக் கூறியது. தகுதியான ஆசிரியர் இல்லாதபோது. மாணவர் கேட்கும் விருப்பப் பாடத்தை நடத்த வசதி இல்லாதபோது. வகுப்பில் நடத்தும் பாடத்துக்குத் துணையாக அமையும்போது. இவற்றில் முதல் காரணம்தான் ஆசிரியர் சங்கங்களை அச்சுறுத்துகிறது. ஆசிரியரை நியமிக்காமலே காலம் தள்ள இது ஒரு சாக்காகிவிடும் என்பது அவர்களின் வாதம். நேரடி வகுப்பையும் இணையவழியையும் கலந்து நடத்துவது குறித்துப் பல்கலைக்கழக மானியக் குழு 2021 மே மாதம் வெளியிட்ட கருத்துருவுக்குத் தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்ததும் இதனால்தான்.

இந்த அச்சத்தை வெறும் வேலைப் பாதுகாப்பு அச்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. இறுதியாண்டு மாணவர் ஒருவர் தமது கல்லூரியில் இல்லாத ஓர் அரிய விருப்பப் பாடத்தை ஸ்வயத்தில் படிப்பது ஒன்று. முதலாண்டு மாணவர் அடிப்படைப் பாடத்தையே அங்கே படிப்பது வேறொன்று. தமிழகப் பொறியியல் கல்லூரிகளில், சென்னை ஐஐடி ஒருங்கிணைக்கும் "என்பிடெல்" சான்றிதழ்களை விருப்பப் பாடங்களுக்கு ஈடாக ஏற்கும் வழக்கம் வேரூன்றியதற்குக் காரணம், அங்கே படிப்பவர்கள் ஏற்கெனவே சில ஆண்டுகள் கல்லூரியில் பழகியவர்கள் என்பதும்தான். முதலாண்டு மாணவருக்குப் பாடத்தைவிட, எப்படிப் படிப்பது என்பதைத்தான் முதலில் ஆசிரியர் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

அமெரிக்க அனுபவமும் இதையே காட்டுகிறது. கலிபோர்னியாவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகம், உடாசிட்டி என்ற நிறுவனத்துடன் சேர்ந்து 2013-ல் அறிமுக நிலைக் கணிதம், புள்ளியியல் பாடங்களை இணையத்தில் கிரெடிட்டுடன் நடத்தியது. பெரும்பாலோர் தேறவில்லை. அந்த ஆண்டு ஜூலையிலேயே திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்ஐடியும் நடத்திய இணையவழிப் பாடங்களை எம்ஐடி ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2019 ஜனவரியில் "சயின்ஸ்" இதழில் வெளியிட்ட முடிவு இன்னும் கடுமையானது. பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்தைத் திறந்தே பார்க்கவில்லை. 2017-18-ல் பதிவு செய்தவர்களில் 3.13 சதவீதத்தினர் மட்டுமே நிறைவு செய்தனர். ஆனால், கட்டணம் செலுத்திச் சான்றிதழுக்காகப் படித்தவர்களிடையே அது 46 சதவீதம்.

அந்த 46 சதவீதத்தில் ஒரு செய்தி உள்ளது. கையில் கிடைக்கப்போவது என்ன என்று தெரிந்தால் மாணவர் உட்கார்ந்து படிக்கிறார், தெரியாவிட்டால் விட்டுவிடுகிறார். டாக்குரியாவில் இருந்து ஸ்வயத்தில் சேரும் ஒருவருக்கு, இந்தப் பாடம் பட்டத்தில் சேருமா என்ற கேள்விக்குப் பதிவு செய்யும் நாளில் விடை கிடைக்காவிட்டால், அவர் எட்டாவது வாரத்தில் இல்லாமல் போவதற்கு அவரது சோம்பலை மட்டும் குறை சொல்ல முடியாது.

இலவசமும் விலையும்: ஸ்வயத்தில் பாடம் இலவசம், தேர்வுக்குக் கட்டணம் உண்டு. என்பிடெல் பாடங்களுக்கு 2024-ல் அது ஆயிரம் ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்குப் பாதி. வாரந்தோறும் தரப்படும் பயிற்சிக்கு 25 மதிப்பெண், இறுதித் தேர்வுக்கு 75. சான்றிதழ் பெற முன்னதில் 10, பின்னதில் 30 மதிப்பெண்ணாவது எடுக்க வேண்டும். பாடம் வீட்டுக்கு வந்தாலும் இறுதித் தேர்வு வீட்டில் இல்லை. குறித்த நாளில், குறித்த கணினி மையத்துக்கு நேரில் சென்றாக வேண்டும். அந்த நாளில் கல்லூரித் தேர்வும் வந்துவிட்டால் இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டியதுதான்.

சந்தையில் கிடைக்கும் மற்ற பாடங்கள் வேறு வகை. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வார்ட்டன் மேலாண்மைப் பள்ளி, தனது சந்தையியல் அறிமுகப் பாடத்தை 2013-லேயே "கோர்செரா" தளத்தில் வெளியிட்டது. புகழ்பெற்ற பேராசிரியர்கள், நேர்த்தியான படப்பிடிப்பு, பாடமும் தரமானது. ஆனால், அதன் சான்றிதழைக் கொல்கத்தாவின் வணிகவியல் பட்டத்தில் சேர்க்கும் கடமை யாருக்கும் இல்லை. விதிமுறை ஸ்வயத்துக்கு மட்டுமே பொருந்தும். இதில் வரிக் கணக்கு ஒன்றும் உள்ளது. பல்கலைக்கழகப் பட்டத்துக்கான கல்விச் சேவைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி கிடையாது. தனியார் இணையவழிச் சான்றிதழ்ப் படிப்புக்கு 18 சதவீத வரி உண்டு. பட்டத்தில் சேராத பாடத்துக்கே மாணவர் கூடுதலாகச் செலுத்துகிறார்.

உள்நாட்டு நிறுவனங்கள் தொலைபேசியில் துரத்தித் துரத்தி விற்ற காலமும் இருந்தது. தவணைக் கடனில் பாடம் வாங்க வைப்பது, இலவசம் என்று தொடங்கிக் கட்டணத்தில் முடிப்பது போன்ற புகார்கள் குவிந்ததை அடுத்து, மத்திய கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரில் பெற்றோருக்கும் மாணவருக்கும் எச்சரிக்கை விடுத்தது. கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களுடன் முகவர் ஒப்பந்தம் செய்துகொண்டு பட்டப் படிப்பு நடத்தக் கூடாது என்று 2022 ஜனவரியில் பல்கலைக்கழக மானியக் குழுவும் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் அறிவித்தன. சந்தையியல் முதல் வகுப்பில் விலை, விளம்பரம் என்று கற்பிக்கப்படும் இரு அத்தியாயங்களுக்கும் இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது.

எடுத்துக்காட்டுகளுக்கு டாக்குரியாவிலும் பஞ்சமில்லை. பல மாநிலங்களின் கைத்தறி, கைவினைப் பொருள் விற்பனை நிலையங்கள் ஒரே இடத்தில் அமைந்த தட்சிணாபன் வணிக வளாகம் இங்கே உள்ளது. அங்கே விலை எழுதி ஒட்டப்பட்டிருக்கும். சற்றே வடக்கே கரியாஹட் நடைபாதைக் கடைகளில் விலை, கேட்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லப்படும். 1996-ல் "ஆபரேஷன் சன்ஷைன்" என்ற பெயரில் இந் நடைபாதை வியாபாரிகள் ஓரிரவில் அகற்றப்பட்டதும், பிறகு அவர்கள் திரும்பி வந்ததும் கொல்கத்தாவாசிகள் அறிந்ததே. நல்ல ஆசிரியர் ஒருவர் வகுப்பை அங்கே அழைத்துச் சென்றுவிடுவார். கான்பூரில் பதிவு செய்யப்பட்ட காணொளிக்கு அந்த வாய்ப்பு இல்லை. இணையவழிப் பாடத்துக்கு உள்ளூர் வழிகாட்டி ஆசிரியர் தேவை என்று விதிமுறை கூறியதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது.

கைபேசியும் மொழியும்: கருவி இல்லை என்ற குறை பெருமளவு தீர்ந்துவிட்டது. 2017-18-ல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின்படி இணைய வசதி இருந்த வீடுகள் நகர்ப்புறத்தில் 42 சதவீதம், கிராமப்புறத்தில் 15 சதவீதம்தான். 2025-ம் ஆண்டு ஆய்வில் நாடு முழுவதற்குமான அளவு 86 சதவீதத்தைத் தாண்டியது. மேற்கு வங்க அரசு "தருணேர் ஸ்வப்ன" திட்டத்தின் கீழ் 2021 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் 12-ம் வகுப்பு மாணவர்களுக்குக் கைபேசி அல்லது டேப்லெட் வாங்க தலா பத்தாயிரம் ரூபாய் வழங்கியது. பெருந்தொற்றின்போது 2020 அக்டோபரில் கல்கத்தா பல்கலைக்கழகம் இறுதிப் பருவத் தேர்வையே வீட்டிலிருந்து எழுத அனுமதித்தது. மாணவர்களுக்குத் திரை புதிதல்ல.

ஆனால் கணினி இல்லாமல், ஐந்தங்குலக் கைபேசித் திரையில் வாரத்துக்குச் சில மணி நேரக் காணொளியைப் பார்ப்பதும் பயிற்சி எழுதி அனுப்புவதும் ஒன்றல்ல. மொழி அதைவிடப் பெரிய தடை. வங்காள வழியில் 12-ம் வகுப்பு முடித்து வரும் மாணவருக்கு வகுப்பில் ஆசிரியர் ஆங்கிலப் பாடத்தை வங்காளத்தில் விளக்கிவிடுகிறார். தமிழகத்தின் அரசுக் கலைக் கல்லூரிகளிலும் இதே நிலைதான். ஸ்வயத்தின் உயர்கல்விப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. என்பிடெல் தனது பாடங்களைத் தமிழ், வங்காளம் உள்ளிட்ட மொழிகளில் எழுத்து வடிவில் தரத் தொடங்கியது வரவேற்கத்தக்கதுதான். எனினும் அப் பணியில் பொறியியலுக்குக் கிடைத்த முன்னுரிமை வணிகவியலுக்குக் கிடைக்கவில்லை.

நாடாளுமன்றத்தில்: 1976-ல் நிறைவேறிய 42-வது அரசியல் சட்டத் திருத்தம் கல்வியைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிக்கும் அதிகாரமோ தொடக்கத்தில் இருந்தே மத்தியப் பட்டியலில் உள்ளது. தரத்தை தில்லி வகுக்கும். கல்லூரியை மாநிலம் நடத்தும். பட்டத்தைப் பல்கலைக்கழகம் தரும். ஸ்வயம் விதிமுறை நடைமுறையில் தடுமாறுவதன் அடிப்படை இந்த முக்கோணம்தான். 2020 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், தரவரிசையில் முதல் 100 இடங்களில் உள்ள நிறுவனங்கள் முழு இணையவழிப் பட்டப் படிப்பை நடத்தலாம் என்று அறிவித்தபோது அரசின் திசை தெளிவானது. ஒரே நேரத்தில் இரு பட்டங்கள் படிக்க 2022 ஏப்ரலில் அனுமதி வந்தது. 2024 பிப்ரவரியில், வேலைவாய்ப்புத் திறன்களுக்கென சென்னை ஐஐடி இயக்கும் "ஸ்வயம் பிளஸ்" தளம் தொடங்கப்பட்டது. அறிவிப்புகளுக்குக் குறைவில்லை. பழைய விதிமுறை ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் எவ்வாறு நடைமுறைப்படுத்தப்பட்டது என்று சரிபார்க்கும் ஏற்பாடு மட்டும் அந்த வேகத்தில் வளரவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு, தொழில்நுட்பக் கல்விக் குழு, ஆசிரியர் கல்விக் குழு மூன்றையும் கலைத்துவிட்டு ஒரே அமைப்பை ஏற்படுத்தும் மசோதா 2025 டிசம்பரில் மக்களவையில் அறிமுகப்படுத்தப்பட்டு, இரு அவைகளின் கூட்டுக் குழுவின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. ஒழுங்குமுறை, தர அங்கீகாரம், தர நிர்ணயம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குழுக்கள் அதில் உண்டு. மசோதாவின் ஹிந்திப் பெயருக்குத் தென்மாநில உறுப்பினர்கள் ஆட்சேபம் தெரிவித்தது பெரிய செய்தியானது. மாநிலங்களின் அதிகாரம் பறிபோகும் என்ற கவலையும் எழுப்பப்பட்டது. இரண்டும் கவனிக்க வேண்டியவையே. ஆனால், முதலாண்டு மாணவர் ஒருவரின் கிரெடிட் முடங்கினால் அவர் யாரிடம் முறையிடுவது, எத்தனை நாளில் பதில் கிடைக்கும் என்ற கேள்வியும் அதே அளவு கவனத்துக்கு உரியது. எந்த உயர்கல்வி மசோதாவைப் பரிசீலிக்கும் குழுவும் உறுப்பு உறுப்பாகக் கேட்க வேண்டிய கேள்வி அது.

2016 விதிமுறையின் ஒரு வரியை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும். நான்கு வாரங்களுக்குள் கல்விக் குழு முடிவெடுக்காவிட்டால், பாடத்திட்டத்துக்கு இணையான ஸ்வயம் பாடம் ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று எழுதிவிடலாம். கட்டட வரைபட அனுமதியில் சில மாநிலங்கள் இத்தகைய விதியைப் பின்பற்றுகின்றன. பல்கலைக்கழகங்கள் இதைத் தன்னாட்சியில் தலையீடு என்று எதிர்க்கலாம். மறுக்கும் உரிமை அவற்றுக்கு இருக்கட்டும். காரணத்தை எழுத்தில் தந்து, மாணவர் பதிவு செய்வதற்கு முன்னரே மறுக்க வேண்டும் என்பதுதான் இங்கே கோரிக்கை.

அதுவரை, ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும் ஸ்வயம் பருவங்களில் சேர விரும்பும் கல்லூரி மாணவர் செய்யக் கூடியது ஒன்றுதான். பதிவு செய்யுமுன் கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதி, இந்தப் பாடம், இத்தனை கிரெடிட், எந்தத் தாளுக்கு ஈடு என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்மொழியாகக் கிடைக்கும் சம்மதம் மதிப்பெண் பட்டியல் அச்சாகும் நாளில் உதவாது. பதில் கிடைக்காதவர், இணையத்தில் தேறிய அதே சந்தையியல் தாளைக் கல்லூரியிலும் மீண்டும் எழுத வேண்டியிருக்கும்.